பட்டியலில் இல்லாத கோடை

நவம்பர் 4, செவ்வாய்

காலை 5.40க்கு எழுந்தேன். பல் செட்டைக் கழுவிப் போட்டுக்கொண்டேன். மாத்திரை இரண்டு. வெளியே குளிர் அதிகம் என்பதால் சாப்பாட்டு மேசைக்கும் முன்கதவுக்கும் நடுவே நாற்பது நடை. மகள் வீடு இருக்கும் இந்த அமெரிக்க ஊரில் இன்று குப்பைத் தொட்டிகளை வெளியே வைக்கும் நாள். இது மறுசுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டியின் வாரமா இல்லையா என்று சந்தேகம் வந்தது. எதிர்வீட்டு வாசலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு வைத்தேன்.

பேத்தி சாருமதி காலையில் இரண்டு காகிதங்களை என் முன்னால் வைத்தாள். கல்லூரியில் இது அவளுக்குக் கடைசி ஆண்டு. ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு எந்தெந்தப் பாடங்கள் என்று பதினான்காம் தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். முதல் காகிதத்தில் பாடத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கிரெடிட்: உயிர்வேதியியல், உடலியங்கியல், உளவியல், அவற்றோடு களிமண் சிற்பம். இரண்டாவதில் பதினெட்டு. சிற்பம் இல்லை, அதற்குப் பதிலாக மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல்.

"தாத்தா, பன்னெண்டா பதினெட்டா? முப்பது வருஷம் பரீட்சை நடத்தினவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

"முப்பத்தொண்ணு" என்றேன்.

பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து துணைக் கட்டுப்பாட்டாளராக ஓய்வு பெற்றவன் நான். யார் எத்தனை பாடம் எடுக்கலாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. எடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது மட்டுமே என் மேசைக்கு வரும்.

இருந்தாலும் யோசித்தேன். பல் மருத்துவக் கல்லூரிகள் இரண்டு அவளை நேர்காணலுக்கு அழைத்திருக்கின்றன. ஒன்று டிசம்பர் 5, கணினி வழியாக. மற்றது ஜனவரி 23, நேரில். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு என்பது அதிகம். பன்னிரண்டே போதும் என்றேன். அவள் முகம் தெளிந்தது. சிற்ப வகுப்பில் அவளுக்கு ஆசை. பல் மருத்துவம் என்றால் கைவேலை என்று யாரோ சொன்னதிலிருந்து குளியல் சோப்பைப் பேனாக் கத்தியால் செதுக்கிக் கடைவாய்ப் பல் செய்கிறாள். "இந்த வீட்டுல சோப்பு கரையறதில்ல, முளைக்குது" என்பாள் என் மகள் கௌசல்யா.

நவம்பர் 6, வியாழன்

ஒத்திகை. நான் நேர்காணல் குழு. கோட்டு போட்டுக்கொள்ளச் சொன்னாள், போட்டுக்கொண்டேன்.

கேள்வி: ஏன் பல் மருத்துவம்? அவள் பதில்: அறிவியலும் கைத்திறனும் சேருமிடம் அது. இலவச முகாமில் பணி செய்தபோது மக்களின் வலியைக் கண்டேன். இத்யாதி. இரண்டு நிமிடம் பத்து வினாடி.

பத்துக்கு ஐந்து போட்டேன்.

"ஐந்தா? நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட் தாத்தா."

"தப்பு எதுவும் இல்லம்மா. ஆனா ஒரு இடத்தைத் தாண்டிக் குதிச்சுப் போற மாதிரி இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, "அடுத்த கேள்வி கேளுங்க சார்" என்றாள்.

சமையலறையிலிருந்து கௌசல்யா, "அவர் ஐந்து போட்டாப் பத்துன்னு அர்த்தம்டி. எனக்கு பி.எஸ்சி. ரிசல்ட் வந்தன்னைக்கு 'பரவாயில்லை'ன்னாரு. நான் காலேஜ் ஃபர்ஸ்ட்" என்றாள்.

அவள் கல்லூரியில் இரண்டாவது. திருத்தவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அடுத்த ஒத்திகைக்காக அவள் விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியை எடுத்துப் படித்தேன். எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பொதுவான இந்த விண்ணப்பத்தை ஜூன் மாதம் தட்டச்சு செய்தவன் நான்தான். அவள் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய எல்லாப் பாடங்களையும் பருவவாரியாக, மதிப்பெண்ணோடு ஏற்ற வேண்டியிருந்தது. "உங்களைவிட யாரு ஒழுங்காப் பண்ணுவா" என்று என்னிடம் தந்தாள். நாற்பத்திரண்டு வரிகள். மூன்று முறை சரிபார்த்தேன். அவள் கையொப்பமிட்டு அனுப்பினாள்.

இன்று விதிமுறைப் பக்கங்களையும் முதலிலிருந்து படித்தேன். பதினோராம் பக்கம், நான்காவது பத்தி. நீங்கள் பெயர் பதிவு செய்த ஒவ்வொரு கல்லூரியையும் குறிப்பிட வேண்டும். பாடத்தை முடிக்காவிட்டாலும், நடுவில் விலகியிருந்தாலும் குறிப்பிட வேண்டும். விட்டுவிட்டால் விண்ணப்பமோ, பின்னர் கிடைத்த இடமோ ரத்தாகலாம்.

போன ஆண்டு கோடையில் சாரு கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரியில் இயற்பியலுக்குப் பதிவு செய்து விலகியிருக்கிறாள். பிறகு அதே பாடத்தைத் தன் சொந்தக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டாள். நான் இரண்டாவதை ஏற்றினேன். முதலாவதை ஏற்றவில்லை.

எங்கள் அலுவலகத்தில் தேர்வுக்கு வராதவருக்கு 'வரவில்லை' என்று விழும். ஆனால் தேர்வுக்கு முன்பே முறைப்படி விலகிக்கொண்டவருக்கு ஏட்டில் வரியே கிடையாது. எழுதாத தாள் இல்லாத தாள். முப்பத்தொரு ஆண்டு அப்படித்தான் பட்டியல் போட்டேன். அந்தப் பழக்கத்தில் விட்டிருப்பேன். அந்தக் கல்லூரி தந்த விலகல் காகிதம் ஜூனில் என் கையில் இருந்ததா என்பது சரியாக நினைவில்லை.

பக்கங்களை வரிசையாக அடுக்கிக் கோப்பில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். 'ரத்தாகும்' என்றில்லை. 'ரத்தாகலாம்' என்றுதான் இருக்கிறது.

நவம்பர் 12, புதன்

சாரு பதிவு செய்ய உட்கார்ந்தபோது, "பதினெட்டே எடும்மா" என்றேன்.

"போன வாரம் பன்னெண்டுன்னீங்களே."

"யோசிச்சேன். கமிட்டிக்காரங்க பார்ப்பாங்க. கடைசி பருவத்துல சுமையைக் குறைச்சுக்கிட்டா ஒரு மாதிரி நினைப்பாங்க. பதினெட்டு இருந்தா, வேற ஏதாவது சின்னக் குறை இருந்தாக்கூட..."

"என்ன குறை?"

"பொதுவாச் சொன்னேன்."

அவள் திரையில் சிற்ப வகுப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு அதை நீக்கினாள்.

பதினெட்டுக்கான காரணங்களை எழுதிவைக்கிறேன். ஒன்று, கடின உழைப்பின் சான்று. இரண்டு, மரபியலும் நுண்ணுயிரியலும் முதலாண்டில் உதவும். மூன்று, அவளால் முடியும். நான்காவது ஒன்றும் உண்டு. எண்ணை மட்டும் போட்டு வைக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

தொண்ணூற்று நான்கில் நடந்த ஒன்று இரண்டு நாளாக மனதில் வருகிறது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. இரண்டு பதிவேடுகளில் அவள் பதிவெண் ஒத்துப்போகவில்லை. தவறு கல்லூரி எழுத்தருடையது என்று எனக்குத் தெரியும். 'முடிவை நிறுத்திவைக்க' என்று எழுதினேன். எழுத வேண்டும், அதுதான் விதி. விளக்கக் கடிதம் வந்து, கையொப்பங்கள் ஆகி, பதினோரு வாரம். அதற்குள் எம்.எஸ்சி. சேர்க்கை முடிந்துவிட்டது. அவளுடைய அப்பா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்த ஊரிலும் ஏதோ ஓர் அலுவலகத்தில் என்னைப் போல ஒருவன் இருப்பான். பதினோராம் பக்கத்தை அவனும் படித்திருப்பான்.

நவம்பர் 22, சனி

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மாடிப்படி வரை போனேன். சாரு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள். மாப்பிள்ளை வேலை விஷயமாக டெக்சாஸில் இருப்பதால் வீட்டில் நாங்கள் மூவர் மட்டும். கௌசல்யா சேனைக்கிழங்கு வறுவல் செய்திருந்தாள். எனக்கு மட்டும் வேகவைத்து மசித்தது.

சாப்பிடும்போது கௌசல்யா, "அந்த சம்மர்ல நீ அங்க இருந்தப்போ இந்த வறுவலை யாரு செஞ்சு குடுத்தா?" என்று கேட்டாள். சாரு சட்டென்று, "அம்மா, தண்ணி" என்றாள். ஜாடி அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்தக் கோடையைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை. என் மனைவி மரகதம் போன ஆண்டு மே 9 அன்று காலமானாள். கௌசல்யாவும் சாருவும் திருச்சிக்குப் பன்னிரண்டு நாள் என்று வந்தார்கள். கௌசல்யாவுக்கு லீவு முடிந்து திரும்பிவிட்டாள். சாரு ஏழு வாரம் இருந்தாள். உறையூர் வீட்டில் வேலைகள் இருந்தன: ஓய்வூதியத் தாள்கள், கேஸ் இணைப்பு, மரகதத்தின் புடவைகள். எனக்கும் அப்போது உடம்பு கொஞ்சம் சரியில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

முதல் நேர்காணல், காலை பத்து மணி. சாரு மாடி அறையில். கௌசல்யா வேலைக்குப் போயிருந்தாள். நான் மாடிப்படியின் ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டுக்கேட்பது தவறு. கேட்டேன்.

முதல் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு பெண் குரல்: உங்கள் வாழ்க்கையில் ஒருவரை நீங்கள் கவனித்துக்கொள்ள நேர்ந்த ஒரு கடினமான காலத்தைச் சொல்லுங்கள்.

அமைதி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு வினாடி.

இலவச முகாம் கதையைச் சொன்னாள். அதில் அவள் யாரையும் கவனித்துக்கொள்ளவில்லை; வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினாள். அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்திருக்கும். "நன்றி" என்றார் அவர்.

கதவைத் திறந்தவள் என்னைப் படியில் பார்த்தாள். கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொதப்பிட்டேன் தாத்தா."

"ஏன் அங்க நின்னுட்டே?"

"சொல்ல ஒண்ணு இருந்துச்சு. ஆனா அது என் கதை மட்டும் இல்ல."

பிறகு சூப் வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வைத்தாள்.

டிசம்பர் 15, திங்கள்

முதல் கல்லூரி இடமில்லை என்று எழுதிவிட்டது. நான்கு வரி. சாரு வாசித்துவிட்டுப் போனைக் குப்புற வைத்தாள். "இன்னும் ஒண்ணு இருக்குல்ல" என்றாள் கௌசல்யா. "ஆமா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் சாரு.

டிசம்பர் 17, புதன்

பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. பின்புறத் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். மே மாதத் தேதியிட்ட ஒரு தாள் ஓரம் மடங்கி அங்கே கிடந்தது. சாருவினுடையது. 'ஏன் பல் மருத்துவம்' என்ற கட்டுரையின் முதல் வரைவு. ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பகுதியைத் தமிழில் எழுதிவைக்கிறேன்.

'பாட்டி இறந்த மறுநாள் தாத்தா தன் பல் செட்டைக் கழற்றி ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். நாற்பது நாள் திரும்ப எடுக்கவில்லை. பேசவும் இல்லை. கஞ்சியைக் கரண்டியில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். தினமும் காலையில் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரை மாற்றி, பல் செட்டைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் தில்லைநகரில் ஒரு பல் டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஈறு சுருங்கிவிட்டது, செட்டு பொருந்தவில்லை. அவர் அரைமணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் போட்டுப் பார்த்தார். தாத்தா வாயை மூடித் திறந்தார். "வலது பக்கம் கொஞ்சம் உயரமா இருக்கு" என்றார். அதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம். அந்த டாக்டர் வேறெதுவும் கேட்காமல், "சரி செஞ்சிடலாம் சார்" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.'

சில விவரங்கள் சரியில்லை. நாற்பது நாள் அல்ல. மே 10 முதல் ஜூன் 13 வரை, முப்பத்துநான்கு. கிண்ணம் எவர்சில்வர் அல்ல, பீங்கான். வலது பக்கம் உண்மையிலேயே உயரமாக இருந்தது.

தாளின் ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து: 'தாத்தாதான் டைப் பண்ணப்போறாங்க. இது வேண்டாம்.'

தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

நவம்பர் 9 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்தக் கல்லூரிக் காகிதம் ஜூனில் என் கையில் இருந்தது. எடுத்தேன். தேதியைப் பார்த்தேன். கோப்பின் அடியில் குப்புற வைத்தேன். பதினோராம் பக்கத்தை அப்போது படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பழக்கத்தால் விட்டேன் என்பது முழு உண்மை அல்ல.

ஜனவரி 12, திங்கள்

வகுப்புகள் தொடங்கிவிட்டன. பதினெட்டு. காலை ஏழுக்குப் போனவள் மாலை ஆறரைக்கு வந்தாள். சோறு பிசைந்த கையோடு மேசையிலேயே தூங்கிவிட்டாள். கௌசல்யா கையைத் துடைத்துவிட்டாள். குளியலறையில் சோப்பு முழுசாக இருக்கிறது. செதுக்க நேரமில்லை.

கௌசல்யா என்னிடம், "யாருப்பா இவளைப் பதினெட்டு எடுக்கச் சொன்னது? பத்து நாள்ல இண்டர்வியூ" என்றாள். நான்தான் என்றேன்.

வகுப்புகளை மாற்ற, விலக, கடைசி நாள் வெள்ளி 16. அதற்குள் விலகினால் பட்டியலில் எதுவும் விழாது. அதற்குப் பிறகு விலகினால் விழும். நாட்காட்டியில் வட்டம் போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கௌசல்யா லீவு போட்டிருந்தாள். சாருவுக்கு மதியம் வகுப்பு இல்லை. குக்கரில் வைத்த பொங்கலைச் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். பதினோராம் பக்கத்தையும் கல்லூரிக் காகிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாலாவது பத்தியை விரலால் காட்டினேன்.

சாரு இரண்டு முறை படித்தாள்.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நவம்பர் ஒன்பது."

"நவம்பரா?" என்றாள் கௌசல்யா. "ரெண்டு மாசமாத் தெரிஞ்சு வாயத் தொறக்காம இருந்தீங்களா? அப்பா, அது அவ போட்ட கையெழுத்து. கண்டுபிடிச்சா அவளைத்தான் பொய்க்காரிம்பாங்க. உங்களை இல்ல."

"தெரியும்."

"தெரியும்னா? ஊர்ல அத்தனை பிள்ளைங்களுக்கு ரூல் பேசினவரு நீங்க."

"அம்மா, இரு" என்றாள் சாரு. அவள் குரல் உயரவில்லை. எனக்கு அது உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பன்னெண்டைப் பதினெட்டாக்கச் சொன்னது இதுக்குத்தானா?"

"ஆமா."

"என்னால முடியும்னு நீங்க நம்பறீங்கன்னு நெனச்சேன்."

"அதுவும்..."

"பயத்துல சொன்னீங்க."

"பயத்துல சொன்னேன்."

அவள் எழுந்து கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பனி பெய்துகொண்டிருந்தது. காரைக் கிளப்பவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மேல் பனி மூடிக்கொண்டே வந்தது. கௌசல்யா ஜன்னலருகே, நான் நாற்காலியில். பாத்திரம் கழுவட்டுமா என்று கேட்டேன். "நீங்க சும்மா உட்காருங்க" என்றாள் என் மகள்.

இருபத்தைந்து நிமிடம். உள்ளே வந்த சாரு ஷூவைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள்.

"பொது விண்ணப்ப சென்டருக்கும் அந்த டென்டல் காலேஜுக்கும் இப்பவே எழுதறேன். அவங்களாக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லணும். என்ன எழுதறது?"

"டைப் பண்ணது நான்னு எழுது. என் பேரைப் போடு. நானே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தர்றேன்."

"கையெழுத்து என்னோடது தாத்தா. படிக்காமப் போட்டது நான். அதைத்தான் எழுதுவேன்." தட்டினாள். நின்றாள். "ஏன் விலகினேன்னு கேட்பாங்க. இங்க ஒரு கட்டம் இருக்கு. காரணம் எழுதணும்."

"குடும்பச் சூழ்நிலைன்னு போடலாம்."

"அப்படிப் போட்டா நம்ப மாட்டாங்க. ஏற்கெனவே ஒண்ணை மறைச்சவ."

கௌசல்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முழுவதும் தெரியாது. போனில் கேட்கும்போதெல்லாம் சாரு, "தாத்தா நல்லாச் சாப்பிடறாங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"தாத்தா, நடந்ததை எழுதலாமா?"

அறைக்குப் போய் இந்த நோட்டிலிருந்து அந்த மடித்த தாளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நாற்பது நாள்னு போட்டிருக்கே" என்றேன். "தப்பு. முப்பத்துநாலு. கிண்ணமும் எவர்சில்வர் இல்ல."

அவள் பென்சிலை எடுத்து நாற்பதை அடித்துவிட்டு முப்பத்துநான்கு என்று எழுதினாள். கௌசல்யா தாளை இழுத்துப் படித்தாள். படித்து முடித்து, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

சாரு மரபியலையும் நுண்ணுயிரியலையும் புள்ளியியலையும் விட்டுவிட்டாள். சிற்ப வகுப்பில் இடமில்லை. நவம்பரில் இடம் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் நான்காவது. இப்போது அவளிடம் ஒன்பது கிரெடிட்தான். முழுநேர மாணவி என்ற தகுதிக்குப் பன்னிரண்டு வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் ஏதாவது ஒன்று சேர்க்க வேண்டும் என்று தேடியதில் இடமிருந்த ஒரே மூன்று கிரெடிட் வகுப்பு, இந்நாட்டு வனவியல் அறிமுகம். சேர்ந்திருக்கிறாள்.

"மரத்தோட பல்லையா பார்க்கப் போறே?" என்றாள் கௌசல்யா. நேற்றிலிருந்து அவள் முதல்முறையாகப் பேசிய வேடிக்கைப் பேச்சு. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பதில்: உங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. நேர்காணல் முன்பு குறித்தபடி நடைபெறும். அவ்வளவுதான்.

'கோப்பில் சேர்க்கப்பட்டது' என்று நானும் நிறைய எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாமல் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

இரண்டரை மணி நேரப் பயணம். கௌசல்யா ஓட்டினாள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னாள். "தாத்தா வரட்டும்" என்றாள் சாரு. பின்சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் உப்புத் தூவிய சாலை. கழிவறைக்கு இரண்டு முறை நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காத்திருப்போருக்கு நாற்காலிகள். எதிரே சுவரில் பெரிய தாடை எலும்புப் படம். கீழ்த்தாடையில் பதினாறு, மேல்தாடையில் பதினாறு. எண்ணினேன். மறுபடி எண்ணினேன். புதுக்கோட்டைப் பெண்ணின் அப்பா இப்படித்தான் எங்கள் வராந்தாவில் எதையாவது எண்ணியிருப்பார்.

கௌசல்யா ஒரு பிஸ்கெட்டை எடுத்துத் தேநீரில் நனைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து, "ஏன்ப்பா எனக்குச் சொல்லல?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"நீ லீவு போட்டுட்டு வந்துடுவேன்னு."

"வந்திருப்பேன்" என்றாள்.

12.50க்கு சாரு வந்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. காருக்கு நடக்கும்போது சொன்னாள்:

"முதல் கேள்வியே அதான். அந்த வகுப்பை ஏன் விட்டுட்டீங்கன்னு. சொன்னேன். மூணு பேர். ஒருத்தர் கேட்டார், முப்பத்துநாலுன்னு எப்படி இவ்வளவு கரெக்ட்டாச் சொல்றீங்க, எண்ணினீங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் எண்ணல, எங்க தாத்தா எண்ணினாங்கன்னு சொன்னேன்." கையுறையைப் போட்டுக்கொண்டாள். "அதுக்கப்புறம் அவர் கொஞ்ச நேரம் எதுவும் எழுதல."

நல்லதா கெட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

ஜனவரி 31, சனி

தபால் பெட்டிக்கு நான்கு முறை போனேன். பதில் தபாலில் வராது, கணினியில்தான் வரும் என்று தெரியும்.

பிப்ரவரி 6, வெள்ளி

வந்துவிட்டது. சாரு படித்து முடித்து, போனை என்னிடம் தந்தாள். எழுத்தைப் பெரிதாக்கி முதலிலிருந்து கடைசி வரை மூன்று முறை படித்தேன். இடம் தருகிறார்கள். நிபந்தனைகள் இரண்டு. இப்போது எடுத்திருக்கும் பன்னிரண்டு கிரெடிட்டை விலகாமல் முடிக்க வேண்டும். விடுபட்ட கல்லூரியின் மதிப்பெண் பட்டியல், முத்திரையிட்டது, பிப்ரவரி 27க்குள் அவர்களுக்குச் சேர வேண்டும்.

கௌசல்யா சாருவைக் கட்டிக்கொண்டாள். சாரு அவள் தோளுக்கு மேலாக, "தாத்தா, உட்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

27க்கு இருபத்தொரு நாள் இருக்கிறது. பனியில் தபால் தாமதமாகலாம். பயம் போகவில்லை.

பிப்ரவரி 11, புதன்

சாருவோடு அந்தக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போனேன். தபாலை நம்ப வேண்டாம், நேரில் கேட்டு அனுப்பச் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். கவுண்டரில் வயதான ஒருவர், கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நிதானமாக வேலை செய்தார். எனக்குப் பிடித்திருந்தது. பல் மருத்துவக் கல்லூரிக்கு முத்திரையிட்ட ஒரு பிரதி. மாணவிக்கு ஒரு பிரதி.

மாணவியின் பிரதியை சாரு என்னிடம் தந்தாள். "செக் பண்ணுங்க."

ஒரு பக்கம், ஒரே ஒரு வரி. இயற்பியல், இரண்டாம் பகுதி. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் விலகல் குறி. அதற்கு நேரே தேதி, ஜூன் 11.

இந்தத் தேதியைத்தான் நான் குப்புற வைத்தேன். அன்று காலை சாரு என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். மூடி வைத்துவிட்டு, "நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன் தாத்தா" என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதில் சொல்லவில்லை. பல் செட்டு கிண்ணத்தில் இருந்தது. அவள் எழுந்து அந்தத் தண்ணீரை மாற்றப் போனாள்.

பெயர், பதிவெண், பாடம், குறி, தேதி. மூன்று முறை பார்த்தேன்.

"சரியா இருக்கா தாத்தா?"

"சரியா இருக்கு" என்றேன்.